அவளுடைய தம்பிக்குத் திருமுழுக்கு

கணபதியில், பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், லேத் பட்டறைகளுக்கு நடுவே என் கடை இருக்கிறது. அழைப்பிதழ் டிசைன் செய்வதுதான் என் தொழில். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, நிக்காஹ், திருமுழுக்கு என்று எந்த வீட்டு விசேஷமானாலும் அதற்கென்று ஒரு மாதிரி என் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். திருமுழுக்கு என்றால் இன்னும் சுலபம். மேலே இறங்கி வரும் வெள்ளைப் புறா, பக்கத்தில் சிப்பியிலிருந்து வழியும் தண்ணீர், கீழே இரண்டு பிஞ்சுப் பாதங்கள். பையன் என்றால் இளநீலம், பெண் என்றால் ரோஸ். வந்தவர் விவரம் சொல்லிவிட்டு எதிர் பேக்கரியில் டீ குடித்துத் திரும்புவதற்குள் சரிபார்க்க ஒரு ப்ரூஃப் எடுத்து வைத்துவிடுவேன்.

என் மகனுடைய அட்டை மட்டும் அப்படி முடியவில்லை. அதைச் செய்ய எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

நான் கருமத்தம்பட்டிப் பக்கம், விசைத்தறி ஓட்டும் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன். என் மனைவி கணபதிக்காரி, வீட்டில் தெலுங்கு பேசும் இந்துக் குடும்பம். அவளுடைய அப்பாவின் பட்டறை என் கடைக்கு நாலு கதவு தள்ளி இருந்தது. அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு இறங்கி வந்தார்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, கொடுக்க அவள் சம்மதித்திருந்தாள். சமையலறை அலமாரியில் அவளுடைய சாமி படங்களும் இருந்தன. அதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம் மாமா, அவளுடைய அப்பா, இறந்துபோனார்.

அவள் வயிற்றில் இரட்டை என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை பெயரைப் பற்றித்தான். பையன் பிறந்தால் என் தாத்தாவின் பெயர், அது ஒரு புனிதருடைய பெயர். அதில் அவளுக்கு மறுப்பில்லை. பெண் பிறந்தால் தன் பக்கத்துப் பெயர் ஒன்றை வைக்க வேண்டும் என்றாள். அது தெலுங்குப் பெயர். என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கோயில்ல ஒத்துக்குவாங்களா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். பிறக்கட்டும், பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. முதலில் பெண், கொஞ்ச நேரம் கழித்துப் பையன். இரண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தன. இரண்டையும் உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன் ஆகியிருந்ததால் மனைவியை வேறு மாடியில் படுக்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் உச்சிவேளையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பையன் பரவாயில்லை, பெண்ணுக்கு நுரையீரல் ஒத்துழைக்கவில்லை, இன்று சாயங்காலம்வரை தாங்குவது கடினம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அவர் போன பிறகு அங்கிருந்த நர்ஸ் என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். மலையாளி. வயதில் என்னைவிட இளையவராக இருப்பார்.

"சேட்டா, ஃபாதருக்கு ஃபோன் செய்ங்க," என்றார்.

செய்தேன். எங்கள் பங்குத்தந்தை அவிநாசிப் பக்கம் ஓர் அடக்கத் திருப்பலியில் இருந்தார். வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். நர்ஸிடம் சொன்னேன். அவர் பெட்டியின் மேலிருந்த மானிட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நிங்களே கொடுக்கலாம். தெரியுமல்லோ?"

தெரியும். சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீரும் வார்த்தையும் இருந்தால் போதும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பதில் அது. அதை நானே செய்வேன் என்று நினைத்ததில்லை.

கையை முழங்கைவரை கழுவச் சொன்னார். ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை எடுத்து, குளிர் போவதற்காகத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கொடுத்தார். பெட்டியின் பக்கத்துத் துவாரம் வழியாகக் கையை விட்டேன். மகளின் தலையில் கம்பளிக் குல்லா இருந்தது. நர்ஸ் அதை நெற்றிக்கு மேலே ஒதுக்கிவிட்டார்.

அப்போதுதான் பெயர் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. நான் யோசிக்கவில்லை. மனைவி கேட்டிருந்த பெயரைச் சொன்னேன். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று சொல்லி மூன்று முறை தண்ணீர் விட்டேன். நெற்றியில் விழுந்த தண்ணீர் காதோரமாக வழிந்து துணியில் இறங்கியது. அவள் வாயை ஒருமுறை குவித்தாள். நர்ஸ் "ஆமென்" என்றார்.

நாலு மணி சுமாருக்கு அவள் போய்விட்டாள்.

மனைவியிடம் நான்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நெடுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு, "பேரு வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

"நீ சொன்ன பேருதான் கண்ணு."

என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாள். எழுந்து நிற்க முடியாததால் அவளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. என் அப்பா அந்தச் சின்னப் பெட்டியைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை வந்தார். எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவளை வைத்தோம்.

அதன் பிறகு பேசுவதற்கு யாருக்கும் நேரமில்லை. பையனைப் பிழைக்க வைக்கும் வேலை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவன் ஒரு தேங்காய் கனம்கூட இல்லை. உடம்புச் சூடு குறையாமலிருக்க யாராவது அவனை நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். மனைவி களைத்துப்போகும்போது என் அத்தை, அவளுடைய அம்மா, போட்டுக்கொள்வார். அத்தை தன் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கிவிட்டிருந்தார். சேலை முந்தானைக்குள் பேரனை ஒட்டவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, பாதிக் கண் மூடிய நிலையில், அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். அவன் பிழைத்ததில் பாதி அவருடைய பங்கு. அதை மறந்தால், பின்னால் நடந்ததில் அவரைத் தவறாகப் புரிந்துகொள்ள நேரும்.

பையன் தேறி, கவிழ்ந்து, சிரிக்கத் தொடங்கிய பிறகு திருமுழுக்குக்கு நாள் குறித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின், எங்கள் ஊர்க் கோயிலில். அன்று கடைக்குப் போனதும் வழக்கமான மாதிரியைத் திறந்தேன். புறா வந்தது. சிப்பி வந்தது. பாதங்கள் வந்தன. பையனுடைய பெயரை அடித்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டேன். அடுத்த நாளும் அதேதான் நடந்தது. வேறு ஒருவர் வீட்டு வளைகாப்பு அட்டையை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னாச்சுங்க, நம்ம அட்டை?" என்று மனைவி கேட்டாள்.

"பண்ணிட்டிருக்கேன்."

அவள் பையனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "அவ பேரும் அதுல வரோணுமுங்க," என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதும், இத்தனை நாள் என் கை ஏன் ஓடவில்லை என்று புரிந்தது.

சமையலறையிலிருந்த அத்தை கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "என்ன பேச்சு பேசற அம்மணி?" என்றார். "நல்ல காரியத்துக்கு அடிக்கற பத்திரிகையில போன கொழந்தை பேரைப் போடுவாங்களா?"

"ஏன், போட்டா என்ன?"

"ரெட்டையில ஒன்னு போச்சுன்னா, பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட அது இருக்கறதையும் தேடி வருமுன்னு சொல்லுவாங்க. நான் இவனை எப்புடிக் காப்பாத்தி வெச்சிருக்கறேன், உனக்குத் தெரியாதா?" கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்குது கண்ணு. அவ்வளவுதான்."

மனைவி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அப்பா பேரை அட்டையில போடுவோமல்ல?"

அத்தை புரியாமல் பார்த்தார்.

"அப்பா போயிச் சேர்ந்துட்டாரு. ஆனாலும் 'தெய்வத்திரு'ன்னு முன்னால போட்டு அவரு பேரை அடிப்பாங்க. தாத்தாவைப் போடலாம், இவனோட கூடப் பொறந்தவளைப் போடக்கூடாதாம்மா?"

அத்தை சமையலறைக்குத் திரும்பிப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

எனக்கு இருவரையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. தொழிலில் ஒரு வழி உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று ஒரே கல்யாணத்துக்கு இரண்டு விதமாக அட்டை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கோயில்காரர்களுக்கு மகள் பெயரோடு ஒன்று, அத்தையின் சொந்தங்களுக்குப் பெயரில்லாமல் ஒன்று.

"அப்ப எங்க ஊட்டாளுகளுக்கு அவ பொறக்கவே இல்லையா?" என்றாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு முடிந்துவிட்டது, இன்னொரு பிள்ளைக்கு நடக்கப் போகிறது. இரண்டையும் ஒரே அட்டையில் சொல்லும் வாசகம் என் கோப்புகளில் எதிலும் இல்லை. மகனுடைய பெயரை நடுவில் பெரிதாகப் போட்டு, மகளுடைய பெயரைக் கீழே, சின்ன எழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் அமைத்தேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ப்ரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "இது என்னங்க, கண்ணுக்கே தெரியல? சாம்பல் கலர்ல போட்டிருக்கீங்க?"

"கொஞ்சம் அடக்கமா இருக்கட்டுமேன்னு..."

"அவ பொறந்தாளா இல்லீங்களா?"

நான் ப்ரூஃபைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

"இவனுக்கு முன்னால பொறந்தவ. முன்னால போடுங்க. ஒரே சைசுல போடுங்க. அப்பறம் பையன் பேரு வரும்போது, 'அவளுடைய தம்பிக்கு'ன்னு போடுங்க."

அந்த ஒரு சொல்லில் எனக்கு வாசகம் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து, ப்ரூஃபின் பின்புறம் எழுதினேன். மகளின் பெயர். 'பிறந்த மறுநாள், தன் தந்தையின் கையால் திருமுழுக்குப் பெற்று இறைவனிடம் சென்றாள்.' அதன் கீழே, 'அவளுடைய தம்பிக்கு' என்று தொடங்கி, மகனின் பெயர், கோயில், நாள், நேரம். அதற்கும் கீழே பெற்றோர், தாத்தா பாட்டிகள், ஞானப்பெற்றோர். புறாவை எடுத்துவிட்டேன். சிப்பியையும் பாதங்களையும் எடுத்துவிட்டேன். நீலமும் இல்லை, ரோஸும் இல்லை. தந்த நிறத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் பங்குத்தந்தையிடம் காட்டினேன். மாலைத் திருப்பலி முடிந்து, தான் தங்கியிருக்கும் அறைவீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். தெலுங்குப் பெயரைப் பற்றி ஏதாவது சொல்வாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அவர் கேட்டது வேறு.

"அன்னைக்குத் தண்ணியை ஊத்தினீங்களா, இல்ல நனைச்சுத் தொட்டு வெச்சீங்களா?"

திருமுழுக்கு என்றால் தண்ணீர் ஓட வேண்டும் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடவில்லையென்றால் நான் செய்தது ஒன்றுமே இல்லையா? வராந்தாவில் நின்றபடியே அந்த உச்சிவேளையை மறுபடியும் பார்த்தேன். நர்ஸ் குல்லாவை ஒதுக்குகிறார். நான் சிரிஞ்சை அழுத்துகிறேன்.

"ஊத்தினேனுங்க ஃபாதர். சிரிஞ்சுலதான். ஆனா ஓடுச்சு. காதுக்குப் பக்கத்துல வழிஞ்சு துணியில எறங்குச்சு. நான் பாத்தேன்."

"வார்த்தை?"

"முழுசாச் சொன்னனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சந்தேகமே இல்ல. அவளுக்கு ஆயிருச்சு. இதை இப்பிடியே அடிங்க," என்று அட்டையை என் கையில் கொடுத்தார். கோயில் வாசலைத் தாண்டி வந்து பைக்கை எடுக்கும்போதுதான் அழுதேன். மகள் போன நாளிலிருந்து அதுவரை அழுததில்லை.

அட்டை அடித்து வந்தது. என் பக்கத்துச் சொந்தங்களுக்கு என் அப்பாவும் அம்மாவும் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டார்கள். தெலுங்குப் பெயரைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து ஒரு தரம் படித்ததை மட்டும் பார்த்தேன்.

மனைவியின் பக்கத்துச் சொந்தங்கள் கோவில்பாளையம், அன்னூர் என்று வடக்கே ஊர் ஊராக இருந்தார்கள். பையனை வைத்துக்கொண்டு மனைவியால் அலைய முடியாது. எனக்கு வீடுகள் தெரியாது. வழி காட்ட அத்தைதான் வர வேண்டும். அவர் முதலில் மறுத்தார். மாமா இறந்த பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் பத்திரிகை வைக்கப் போனதில்லை.

"நான் போயி நல்ல காரியத்துக்கு அழைக்கறதா? அதுவும் இந்தப் பத்திரிகையை வெச்சுட்டா?"

"நீங்க வழி மட்டும் சொல்லுங்க அத்தை. நான் போயிக் குடுத்துட்டு வாரேன்."

கடைசியில், "வண்டியை விட்டு எறங்க மாட்டேனுங்க மாப்ள," என்ற நிபந்தனையோடு காரில் ஏறினார்.

முதலில் போன வீட்டில் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டிலிருந்து அட்டையை எடுத்துப் படித்த பெரியவர், படித்து முடித்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் அந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று படித்தார். உடனே அட்டையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. எங்க பொண்ணு முழுகாம இருக்குது. இந்த நேரத்துல இது ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க."

நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தை காரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், "நான் சொன்னனல்லங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. வண்டியைத் திருப்பிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. பாதி வழி வந்துவிட்டோம், இன்னும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று அவர்தான் சொன்னார். அன்னூருக்குப் போகும் வழியில், தோட்டத்துக்குள் இருந்த வீடு. அத்தைக்கு நாத்தனார் முறையாகும் ஒருவருடையது.

அந்த அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி எங்கேயோ இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றார். நான் படித்தேன். என் வாயால் அந்த வரிகளைச் சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. 'தன் தந்தையின் கையால்' என்ற இடத்தில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தேன்.

அவர் என் கையிலிருந்து அட்டையை வாங்கினார். "இந்தப் பேரு அந்தப் பொண்ணு பாப்பாளோடதுங்களா?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "உங்கத்தை எங்க?"

"வண்டியில இருக்கறாங்க."

அட்டையோடு நேராக வெளியே போனார். பின்கதவைத் திறந்து அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இருவரும் தெலுங்கில் பேசினார்கள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனாலும் கார்க் கதவு திறந்தே இருந்ததால் கேட்க முடிந்தது, புரிந்துகொள்ளவும் முடிந்தது. கல்யாணமான புதிதில் அந்த அம்மாவுக்கு முதலில் பிறந்தது ஒரு பையன். மூன்று நாள் இருந்தான். அவனைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்த மாமனார், இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சு கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு அண்ணன் இருந்தது தெரியாது. "எனக்கு நினைக்கறதுக்கு ஒரு பேருகூட இல்ல அண்ணி," என்றார். "உன்ற பேத்திக்குப் பேரு இருக்குது. காகிதத்துல அடிச்சுக் குடுத்திருக்கறாங்க. இதை எதுக்கு நீ வண்டிக்குள்ள ஒளிஞ்சுட்டுக் குடுக்கற?"

அத்தை என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா இறங்கி வந்து, கட்டாயம் வருவதாக என்னிடம் சொன்னார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வண்டியில் வைத்தார்.

வண்டியை எடுத்த பிறகு அத்தை வெளியே பார்த்தபடி வந்தார். அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தியதும் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானும் வாரனுங்க மாப்ள."

அன்று மிச்சமிருந்த வீடுகளிலெல்லாம் அவரே அட்டையைக் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டினார். சில வீடுகளில் மௌனமாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மருமகள் மட்டும் எங்களுக்குப் பின்னாலேயே வாசல் கேட் வரை வந்து, இன்னோர் அட்டை கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டு வாங்கிப் போனாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

திருமுழுக்கு அன்று, நாங்கள் அழைத்த அத்தை பக்கத்துச் சொந்தங்களில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் வரவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்த பெரியவர் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணோடு வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். பங்குத்தந்தை குழந்தையின் பெயரைக் கேட்டபோது மனைவிதான் சொன்னாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பையன் கோயிலே அதிர அழுதான். மன்றாட்டின்போது பங்குத்தந்தை மகளின் பெயரையும் சொன்னார். அந்தத் தெலுங்குப் பெயரை அவர் கொஞ்சம் தப்பாகத்தான் உச்சரித்தார். பின்வரிசையில் யாரோ மெல்லத் திருத்தினார்கள்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் பந்தி தொடங்கியது. நான் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க மாப்ள, பாப்பாளப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?"

அவர் அதுவரை அங்கே போனதில்லை. கல்லறைத் தோட்டம் கோயில் மதிலை ஒட்டியே இருக்கிறது. கேட்டைத் திறந்து அழைத்துப் போனேன். தாத்தாவின் சிமெண்ட் கல்லறைக்குப் பக்கத்தில் மகளுடையது மண் மேடுதான், சுற்றிலும் செங்கல் வைத்திருந்தோம். மழை பெய்து புல் முளைத்திருந்தது. அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அது ஒரு முழத்துக்குமேல் கொஞ்சம்தான்.

"தலைமாடு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

காட்டினேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். வேரோடு வராததை விரலால் தோண்டி எடுத்தார். பிடுங்கிய இடத்து மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினார். பையனுக்குத் தொட்டில் துணி விரிக்கும்போதும் அவருடைய கை அப்படித்தான் போகும். பிறகு தெலுங்கில் ஏதோ பேச ஆரம்பித்தார். அது எனக்கான பேச்சு இல்லை என்பதால் நான் நகர்ந்து, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மண்டபத்தில் இலை போட்டுவிட்டதாக என் அப்பா கூப்பிட ஆள் அனுப்பினார். வருகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். அத்தைக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. நானும் போய் எதிரில் உட்கார்ந்து, கால்மாட்டுப் பக்கத்துப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினேன்.